தொட்டியில் தூங்கும் டெவலப்பர்

பொன்முடி மலைமேல் ஆஃப்செட் மெஷின் வைக்க யாருக்கும் தேவை இருக்காது. ஆனால் அங்கே பெய்யும் மழை கல்லாறாக இறங்கி, வாமனபுரம் ஆற்றோடு கலந்து, அஞ்சுதெங்குக் காயல் வரை போகிறது. இந்தப் பக்கம், விதுரைக்கு அருகே பேப்பாறையிலும் கீழே அருவிக்கரையிலும் தேங்கும் கரமனை ஆற்று நீரைத்தான் திருவனந்தபுரம் நகரம் குடிக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊர்களில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கிற சின்ன அச்சகம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கிணற்றுக்கோ குழாய்க்கோ மேல்புறத்தில்தான் இருக்கிறது. டெவலப்பர் வேண்டாத பிளேட்டுக்கு மாறலாமா என்ற கேள்வியை நம் தொழிலில் எப்போதும் பிளேட்டின் விலையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைத் தண்ணீரிலிருந்தும் நேரத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படித் தொடங்கினால் பொதுவாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறான விடை வருகிறது. இந்தப் பிளேட் பெரிய அச்சகங்களின் சொகுசு என்பார்கள். உண்மையில் நாளைக்குப் பத்துப் பதினைந்து பிளேட் மட்டும் எடுக்கிறவருக்குத்தான் இது அதிகம் பொருந்துகிறது.

டெவலப்பர் என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பிளேட் என்பது சொரசொரப்பாக்கி, ஆனோடைஸ் செய்து, மேலே ஒரு பூச்சு கொடுத்த அலுமினியத் தகடு. கணினியிலிருந்து நேரே பிளேட்டில் எழுதும் சிடிபி மெஷினில் 830 நானோமீட்டர் லேசர் அந்தப் பூச்சில் படத்தை எழுதுகிறது. எழுதியபின் வேண்டாத பூச்சைக் கரைத்து எடுக்கும் கடுங்காரக் கரைசல்தான் டெவலப்பர். அதன் பிஎச் அளவு 12, 13 என்று நிற்கும். காரக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு: திறந்து கிடந்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி, தானாகவே வலுவிழக்கும். பிளேட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். நாளைக்கு இருநூறு பிளேட் எடுக்கிற இடத்தில் வலுவை ஈடுகட்டும் ரீப்ளெனிஷர் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் தொட்டியின் வலு ஒரே சீராக நிற்கிறது. நாளைக்குப் பத்து பிளேட் எடுக்கிற இடத்தில் டெவலப்பர் பெரும்பாலான நேரம் தொட்டியில் தூங்குகிறது, தூங்கும்போதே கெடுகிறது. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கள் காலை எடுத்த பிளேட்டில் பத்து சதவீதப் புள்ளி ஒரு மாதிரியும், டெவலப்பர் மாற்றிய மறுநாள் வேறு மாதிரியும் வருவதற்கு இதுவே முதல் சந்தேகக் குற்றவாளி. மெஷின்மேன் மையையும் தண்ணீரையும் திருகிக்கொண்டு நிற்பார்; கோளாறோ அடுத்த அறையில், தொட்டிக்குள் இருக்கும். ஆக, சின்ன அச்சகம் வாங்கும் டெவலப்பரில் ஒரு பகுதி பிளேட்டைக் கழுவுகிறது, இன்னொரு பகுதி சும்மா இருந்தே செத்துப்போகிறது. ஒரு பிளேட்டுக்கு எவ்வளவு டெவலப்பர் என்ற கணக்கில் சின்ன அச்சகம் பெரிய அச்சகத்தைவிட எப்போதும் நஷ்டப்படுவது இதனால்தான்.

இனி வடிகால். பொதுக் கழிவுநீருக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் பிஎச் வரம்பு 5.5 முதல் 9 வரை. பிஎச் அளவுகோல் பத்தின் மடங்குகளில் ஏறுவது. 12-க்கும் 9-க்கும் வித்தியாசம் மூன்று அல்ல, ஆயிரம் மடங்கு. ஒரு லிட்டர் பழைய டெவலப்பரைத் தண்ணீர் விட்டே அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமானால், வெறும் கணக்குப்படியே ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். டெவலப்பரில் உள்ள சிலிக்கேட் போன்ற உப்புகள் பிஎச் இறங்க விடாமல் பிடித்து வைப்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். "நிறையத் தண்ணீர் விட்டுத்தான் ஊற்றுகிறோம்" என்ற சமாதானம் இருபது லிட்டர் தொட்டிக்கு இருபதாயிரம் லிட்டரைத் தொட்டால்தான் செல்லும். அமிலம் விட்டுச் சரிக்கட்டலாமே என்றால், சிலிக்கேட் கொண்ட டெவலப்பரில் அமிலம் சேர்ந்ததும் சிலிக்கா கூழாகத் திரளும். அது வடிகாலை அடைக்கும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. சட்டம் எட்டிப் பார்க்காத சந்துகளில் நாம் பிழைத்திருக்கிறோம் என்பதால் வேதியியல் நமக்கு விலக்கு கொடுத்துவிடாது. இதோடு, டெவலப்பரை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பிளேட்டையும் பிராசசரில் அலசும் தண்ணீர் தனி. கேரளத்தில் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசியில் நினைத்தாக வேண்டும். வானம் பார்த்த அந்த ஊரில் லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் இல்லாத அச்சகக் கணக்கு கிடையாது.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. விற்பனையாளர்கள் அதைத் தீர்க்க அவசரப்படுவதும் இல்லை. ரசாயனமில்லாப் பிளேட் என்று சொல்லப்படுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 2004-இல் ஆக்ஃபா கொண்டுவந்த அசூரா வகை. லேசர் சூடுபட்ட இடத்தில் நுண்ணிய பாலிமர் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. மற்ற துகள்களை கம் எனும் பிசின் கரைசல் கொண்ட ஒரு சின்ன யூனிட் துடைத்து எடுத்துவிடுகிறது. டெவலப்பர் இல்லை, ஆனால் கம் உண்டு, அதற்கொரு தொட்டி உண்டு, அந்தத் தொட்டியைக் கழுவும் வேலையும் உண்டு. இன்னொன்று, கோடாக்கின் சோனோரா போன்றவை. இவற்றுக்குத் துடைப்பும் கிடையாது. லேசர் முடிந்ததும் நேரே மெஷினில் மாட்ட வேண்டியதுதான். மெஷினில் பிளேட்டை ஈரமாக்கும் டேம்பனிங் தண்ணீர் வேண்டாத பூச்சை இளக்க, மையின் பிசுக்கு அதை இழுத்து முதல் சில ஷீட்டுகளில் ஏற்றி வெளியே அனுப்பிவிடும். முதலாவதை ரசாயனம் குறைந்தது என்றும் இரண்டாவதைப் பிராசஸ் இல்லாதது என்றும் சொல்வதே நேர்மை. கம் மட்டும் இந்தத் தொழிலைவிட்டு எங்கும் போகவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகப்படும். 1796 வாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லில் அச்சடிக்கக் கண்டுபிடித்தபோதும் வேலம்பிசினும் அமிலமும்தான். எம்.சி. சாலையில் வாமனபுரம் ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வரும் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ஓவியர் ரவிவர்மா, 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கற்களுக்கும் அதே பிசின். எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒற்றை உண்மையின்மேல் நிற்கும் தொழில் இது. தண்ணீரைக் காதலிக்கும் இடத்தைக் காப்பாற்ற ஒரு பிசின் அன்றும் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் ரசாயனம் ஒழியவில்லை, இடம்தானே மாறியிருக்கிறது?" என்பது இந்தப் பேச்சில் கேட்கத்தக்க முதல் ஆட்சேபம். சரியான கேள்வி. சோனோரா வகையில் வேண்டாத பூச்சு பெரும்பாலும் மையோடும் தாளோடும்தான் போகிறது. கொஞ்சம் டேம்பனிங் தண்ணீரிலும் தங்கலாம். ஆனால் எது இடம் மாறியது, எது இல்லாமலே போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிளேட்டின்மேல் இருக்கும் பூச்சு ஒரு சதுர மீட்டருக்குச் சில கிராம்கூட இல்லாத மெல்லிய படலம். அது பழைய முறையிலும் டெவலப்பரில் கரைந்து வடிகாலுக்குத்தான் போனது. இப்போது தாளில் போகிறது. இல்லாமல் போனவை அந்தப் படலத்தைக் கரைக்க வைத்திருந்த லிட்டர் கணக்கான காரமும், அலசும் தண்ணீரும். பெரிய எண் கழிந்து சின்ன எண் மிஞ்சுகிறது. அதே சமயம் பொறுப்பு இடம் மாறுவது நிஜம். முன்பு பிளேட் அறையில் ஒருவர் டெவலப்பரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்துக் காப்பாற்றிய தரத்தை இனி மெஷின்மேன் தண்ணீரைப் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். அவருக்கு அதற்கான பயிற்சியும் இரண்டு கருவிகளும் கொடுக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றுகிற முதலாளி ஒரு மாதத்தில் பழைய பிளேட்டுக்கே திரும்புவார். திரும்பும்போது குறையைப் பிளேட்டின்மேல் சொல்வார்.

அந்த இரண்டு கருவிகள் பிஎச் மீட்டரும் கண்டக்டிவிட்டி மீட்டரும். சிவகாசி அனுபவத்தை அப்படியே கேரளத்துக்குக் கொண்டுவர முடியாது என்று நான் சொல்வதற்கு இவை காட்டும் எண்களே காரணம். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆழ்துளைத் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரோ மென்னீர். கேரளத்துச் செம்புரைக் கல் நிலக் கிணறுகளில் தண்ணீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மையோடு இருக்கும். டேம்பனிங் தண்ணீரில் கலக்கும் ஃபவுண்டன் கரைசலில், கடின நீருக்கென்று தயாரித்ததை மென்னீரில் அதே அளவு ஊற்றினால் பிஎச் அதிகமாக இறங்கும், மை காயத் தாமதமாகும். கடின நீரில் போதிய அளவு ஊற்றாவிட்டால் கால்சியம் உருளைகளில் படியும், படமில்லாத இடத்தில் மை பிடிக்கும். டெவலப் செய்த பழைய பிளேட் இந்தத் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மெஷினிலேயே பூச்சு கழலும் பிளேட் பொறுக்காது, ஏனென்றால் அங்கே கழுவுகிற திரவமே இந்தத் தண்ணீர்தான். ஆகவே மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை பிளேட் சாம்பிள் வாங்குவது அல்ல. கோடையில் ஒரு முறையும் மழை பிடித்தபின் ஒரு முறையும் தண்ணீரைச் சோதித்து, கரைசல் கலந்தபின் பிஎச் 4.8-க்கும் 5.3-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்து, கலக்கும் அளவைச் சுவரில் எழுதி ஒட்டுவது. மெஷினை எடுக்கும் வரிசையும் மாறும்: முதலில் டேம்பனிங் உருளையைச் சில சுற்று பிளேட்டில் ஓடவிட்டு, பிறகு மை உருளையை இறக்கி, அதன்பின் தாள் விட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கினால் வேஸ்ட் ஷீட் கூடும்.

கண்ணால் பார்க்கும் பழக்கமும் ஒரு சிக்கல். டெவலப் ஆன பிளேட்டில் எழுத்து பளிச்சென்று தெரியும். தலைகீழாக வாசித்தே பிழை பிடிக்கிறவர்கள் நம் அச்சகங்களில் இருக்கிறார்கள். பிராசஸ் இல்லாத பிளேட்டில் படம் மங்கலாகத்தான் தெரியும், சில சமயம் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். சியான் எது மெஜந்தா எது என்று மாறிப்போக வாய்ப்பு அதிகம். ஓரத்தில் வண்ணப் பெயரையும் ஜாப் எண்ணையும் பெரிதாகப் போடும்படி பக்க அமைப்பிலேயே ஏற்பாடு செய்துகொள்வது இதற்கு மலிவான மருந்து. அச்சுப் புள்ளியின் அளவைத் திருத்தும் புள்ளி வளைகோட்டைப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய டெவலப்பருக்கு ஏற்பத் திருத்திய வளைகோடு இங்கே முகத்தின் தோல்நிறத்தைக் கெடுத்துவிடும். ஈரத்தில் இளகும் பூச்சு என்பதால், பொன்முடி அடிவாரம் போன்ற ஈரக்காற்று ஊர்களில் பெட்டியைப் பிரித்துவிட்டுப் பிளேட்டை வெளியே வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும்.

விலை ஆட்சேபத்துக்கு வருகிறேன். தகட்டுக்குத் தகடு இந்தப் பிளேட் விலை கூடியதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பில்லில் உள்ள ஒரே வரியைத்தான் ஒப்பிடுகிறார்கள். எதிர்ப் பக்கத்தில் டெவலப்பர், ரீப்ளெனிஷர், அலசும் தண்ணீர், பிராசசரின் மின்சாரம், அதைக் கழுவ ஓர் ஆளின் அரை நாள், வலு இறங்கிய டெவலப்பரால் திரும்ப எடுத்த பிளேட்டுகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஒரு மாதம் நோட்டில் குறித்து, அந்த மாதத்துப் பிளேட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறையக் குறைய அந்த வகுத்த தொகை ஏறும். பெரிய அச்சகத்தில் காசுக் கணக்கில் முடிவது சின்ன அச்சகத்தில் ரூபாய்க் கணக்கில் வரும். கணக்கு எதிராகவே வந்தால் மாறாதீர்கள். ஆனால் கணக்கே போடாமல் "கட்டுப்படியாகாது" என்பது வாதம் அல்ல.

இந்தப் பிளேட் தாங்காது என்ற ஆட்சேபம் பாதி உண்மை. கேரளத்தில் பாடநூல்களை அடிக்கும் காக்கநாட்டு கேபிபிஎஸ் அச்சகம் போன்ற இடத்தில் ஒரே பிளேட்டில் லட்சக்கணக்கில் ஓட வேண்டும். சூட்டில் வேகவைத்த பழைய ரகப் பிளேட் அங்கே பத்து லட்சம்கூட ஓடும். சிவகாசியிலும் ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தது முதல் மார்கழி வரை ஒரே சாமி படம் திரும்பத் திரும்ப மெஷின் ஏறும். யுவி மை, அதைக் கழுவும் கரைப்பான், தூசு தள்ளும் மட்டமான தாள் ஆகியவை எந்தப் பிளேட்டின் ஆயுளையும் குறைக்கும், இதன் ஆயுளை இன்னும் வேகமாகக் குறைக்கும். ஆனால் அசூரா வகைக்கே சாதாரண மையில் ஒரு லட்சம் வரை என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. ஆயிரம் பத்திரிகையும் ஐயாயிரம் நோட்டீசும் அடிக்கிறவர் ஒரு லட்சத்தை எண்ணிக் கவலைப்படுவது, சைக்கிளில் போகிறவர் டோல்கேட் கட்டணத்தை எண்ணிக் கவலைப்படுவது போல.

எனக்கு உண்மையிலேயே கனமாகப்படும் தடை வேறு. கேரளத்து நெடுமங்காட்டிலும் சரி சிவகாசியிலும் சரி, பெரும்பாலான சின்ன அச்சகங்களுக்குச் சொந்த சிடிபி கிடையாது. பிளேட்டை வெளியே சிடிபி சென்டரில் எடுத்து வாங்குகிறார்கள். டெவலப்பரும் வடிகாலும் சென்டர்காரருடையது, மெஷினில் வரும் கோளாறு அச்சகக்காரருடையது. மாறினால் மிச்சம் ஒருவருக்கு, தலைவலி இன்னொருவருக்கு. சென்டர் தன் மிச்சத்தில் ஒரு பங்கைப் பிளேட் விலையில் குறைத்து, முதல் மாதம் வீணாகும் பிளேட்டுக்கு மாற்றுப் பிளேட் தருவதாக ஒப்புக்கொண்டால்தான் அச்சகக்காரர் சம்மதிப்பது நியாயம். அந்தப் பேரத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனிப் பிளேட்டுக்கு வருடக் கணக்கில் கட்டுப்படவும் வேண்டாம். ஆக்ஃபாவின் ஆஃப்செட் பிரிவே 2023-இல் கைமாறி ஈகோ3 என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்னும் ஒரு கூட்டத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்: யுவி ஒளியில் சாதாரண பிஎஸ் பிளேட்டை எழுதும் மெஷினைக் கடன் வாங்கிப் போட்டவர்கள். இந்தப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை தெர்மல் லேசருக்கானவை. அவர்களுக்கு மாற்றம் என்பது பிளேட் அல்ல, மெஷினையே மாற்றுவது. கடன் தீரும்வரை அவர்கள் தொட்டிக்கு மூடி போட்டு, காற்றுப் படாமல் வைத்து, கழிவைக் கேனில் பிடித்து, அதைச் சுத்திகரிக்க அனுமதி உள்ளவரிடம் ஒப்படைக்கலாம். மூடியும் கேனும் ஒரு பெட்டி பிளேட் விலைகூட ஆகாது.