வெயில் மிகுந்த நாட்டில் கர்ப்பிணிகளின் வைட்டமின் டி குறைவு

கோலார் தங்கவயலைச் சேர்ந்த நந்திதுர்க், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்துள்ளது. அங்கு வெயிலுக்குக் குறைவில்லை. தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை, அவற்றுள் இறங்கிய ஆண்கள் வேலை நேரம் முழுவதையும் சூரியனைக் காணாமலே கழித்தனர். பெண்களோ தரைக்கு மேலே, லைன் வீடுகளில் வாழ்ந்தனர். ஆதலின், சூரிய ஒளியால் உடலில் உண்டாகும் வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து இத்தகைய ஊர்ப் பெண்களிடம் போதிய அளவு இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை இதே மாநிலத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று தெளிவாக்குகிறது.

மைசூரில் கண்டவை

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பிரசவித்த 559 பெண்களின் இரத்தம், கர்ப்பத்தின் 30ஆம் வாரத்தில் எடுத்துச் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2009ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரு மில்லி லிட்டர் இரத்தச் சீரத்தில் 20 நானோகிராம் இருத்தல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 66 பெண்களிடம் அதனினும் குறைவாகவே இருந்தது. நூற்றுக்கு 31 பெண்களிடம் ஏறத்தாழ 11 நானோகிராம்கூட இல்லை. இவர்கள் நோயுற்று வந்தவர்கள் அல்லர். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்களே.

லக்னௌவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்து 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியிலும் நூற்றுக்கு 84 பேருக்குக் குறைவு காணப்பட்டது. நகரத்துப் பெண்களுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

குறைவு நேர்வது எவ்வாறு?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. பின்னர் அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாறுதல் அடைந்து, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ள உதவுகிறது.

எனவே ஊரில் வெயில் காய்ந்தால் மட்டும் போதாது. அது தோலில் படவேண்டும். வீட்டுக்குள்ளும் தொழிற்கூடங்களிலும் பகலைக் கழிப்போருக்கு அது கிட்டுவதில்லை. சன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். உடலை மூடும் ஆடையும் காற்றிலுள்ள புகையும் இவற்றைக் குறைக்கும். கருநிறத் தோலுக்கு வெளிர்நிறத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். சுரங்கங்கள் மூடப்பட்ட பின் தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் பெண்ணுக்கு, தரைக்கு மேலே இருந்தும் வெயில் அரிதே.

சிசுவின் நிலை

கருவிலுள்ள சிசு தன் எலும்புகளுக்காகத் தாயிடமிருந்து ஏறத்தாழ 30 கிராம் சுண்ணாம்புச் சத்தைப் பெறுகிறது. இதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சென்றடைகிறது. வைட்டமின் டி-யையும் அது நஞ்சு வழியாகத் தாயிடமிருந்தே பெறவேண்டும். தாயிடம் குறைந்தால் குழந்தையிடமும் குறையும். தாய்ப்பாலில் இச்சத்து சிறிதளவே உள்ளமையால் பிறந்த பின்னும் குறை நீங்குவதில்லை. குறைவு கடுமையானால் பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு உண்டாகலாம்; பின்னர் எலும்புகள் வளையவும் கூடும்.

எனினும், குறைவுள்ள தாய்மார் அனைவரும் அஞ்சவேண்டியதில்லை. மைசூரில் குறைவுள்ள தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது எடையிலோ உயரத்திலோ பிறரினும் தாழ்ந்திருக்கவில்லை. தாய்மாருக்குக் கர்ப்பகால நீரிழிவும் மிகுதியாக வரவில்லை. ஆனால் அக்குழந்தைகளை ஒன்பதரை வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, குறைவுள்ள தாய்மாரின் மக்களுக்குக் கைத்தசை சற்றுக் குறைந்தும், இன்சுலினை உடல் ஏற்காத தன்மை சற்று மிகுந்தும் காணப்பட்டன. தாயின் குறைவே இதற்குக் காரணம் என்று இதனால் மட்டும் துணிய இயலாது.

செய்யத்தக்கவை

இளங்காலை வெயிலே சிறந்தது என்பது பலருடைய நம்பிக்கை. அவ்வேளையில் சூரியன் தாழ்ந்திருப்பதால் தேவையான கதிர்கள் மிகக் குறைவாகவே தரையை அடைகின்றன. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே ஏற்றது. தென்னிந்தியாவில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இதற்குச் சிறந்த நேரமாகும். தோல் எரிச்சல் கொள்ளாதபடி, முகமும் கைகளும் வெயிலில் படுமாறு சிறிது நேரம் இருத்தல் போதும். உணவில் முட்டையின் மஞ்சட்கருவும் மத்தி போன்ற மீன்களும் ஓரளவு உதவும்.

மத்திய அரசு 2014ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறையின்படி, கர்ப்பத்தின் 14ஆம் வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, நாளொன்றுக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள் உட்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லி கிராம் கால்சியமும் 250 சர்வதேச அலகு வைட்டமின் டி-யும் உள்ளன. இம்மாத்திரையை உணவுடன் உட்கொள்ளவேண்டும். இரும்புச் சத்து மாத்திரையுடன் சேர்த்து விழுங்கலாகாது. இரண்டும் சேர்ந்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஆகையால் இரும்பு மாத்திரையை உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் உட்கொள்வது முறை.

மிகுந்த அளவுள்ள வைட்டமின் டி மருந்துகளை மருத்துவர் கூறாமல் உட்கொள்ளுதல் தீங்காகும். அதனால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வரம்பு கடக்கலாம். வைட்டமின் டி குறைவு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆதலின், நலமாக இருக்கிறோம் என்று எண்ணி மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துவிடாமல் நாள்தோறும் உட்கொண்டு வருவதே தாய்க்கும் சேய்க்கும் நன்மை தரும்.