தடத்திலேயே ஏறுவதா, தடம் விட்டு ஏறுவதா?

தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க நினைத்தால் முதலில் அனுமதி, அடுத்து வழிகாட்டி, அப்புறம்தான் கால். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கிப் பலர் இறந்தபின் விதிகள் மேலும் இறுகின. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் குறிப்பிட்ட 40 தடங்களைத்தான் திறந்துவிட்டது. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்குள்ள ‘வில்டர்னஸ்’ எனப்படும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளின் விதிகளைப் படித்தால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். 1964ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டம் மோட்டார் வண்டியைத் தடுக்கிறது, சைக்கிளுக்கும் இடமில்லை, நிரந்தரச் சாலை போட முடியாது. ஆனால் நடப்பவர் தடத்திலேயே நடக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில், தனியாகத் தடையுத்தரவு இல்லாதவரை, எந்தச் சரிவிலும் ஏறி உச்சிக்குப் போகலாம். ஆகவே ஏற விரும்புபவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: அரசு பராமரிக்கும் தடம், ஏறியவர்களின் காலடியில் தானாக உருவான ஒற்றையடிப்பாதை, பாதையே இல்லாத சரிவு. எதற்கு அனுமதி உண்டு என்று மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பல மலைகளில் தவறான வழிதான் கிடைக்கும். காலுக்கடியில் என்ன இருக்கிறது, அங்கே எத்தனை பேர் கால் வைக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விதிகளைக் கூர்ந்து படித்தால் அவையே இதைத்தான் சொல்கின்றன. கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே பரந்த தூந்திரப் புல்வெளியில் இறங்கி நடக்கத் தடையில்லை. ஆனால் டிரெயில் ரிட்ஜ் சாலையோரம் கூட்டம் குவியும் சில இடங்களைத் ‘தூந்திரப் பாதுகாப்புப் பகுதி’ என்று பிரித்து, அங்கே போட்ட நடைபாதையை விட்டு விலகுவதைத் தடை செய்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையில் பாரடைஸ் புல்வெளியில் தடம் விட்டு இறங்கக் கூடாது. அதே மலையில் மேலே பனியாற்றின் மீது, அனுமதிச் சீட்டோடு, தடமே இல்லாமல் ஏறுகிறார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இரவு தங்குபவர்கள் தடத்தில் 15 பேர் வரை குழுவாகப் போகலாம். தடத்தை விட்டுக் கால் மைலுக்கு மேல் விலகினால் 8 பேர்தான். ஒரே பூங்காவுக்குள் விதி இப்படி மாறுவதற்கு அதிகாரிகளின் மனப்போக்கு காரணமல்ல. பனியாற்றின் மேல் பதிந்த பூட்ஸ் தடம் சில நாளில் அழிந்துவிடும், புல்வெளியில் பதிந்தது அழிவதில்லை.

எவ்வளவு காலம் அழியாது என்பதற்கும் பதில் இருக்கிறது. தாவரவியலாளர் பியாட்ரிஸ் வில்லர்ட் 1950களின் இறுதியில் ராக்கி மலைப் பூங்காவில் சிறு சிறு நிலத்துண்டுகளைத் தேர்ந்து, மிதிபட்ட தூந்திரம் எப்படி மீள்கிறது என்று பல ஆண்டுகள் கவனித்தார். கடுமையாகச் சிதைந்த இடம் பழைய நிலைக்குத் திரும்ப நூற்றாண்டுகள் ஆகும் என்பதே அவர் கண்டது. அந்த உயரத்துச் செடிகளைக் குனிந்து பார்த்தால் காரணம் விளங்கும். மெத்தைபோல் குவிந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும் செடி அது. அதன் இலைகள் நெருங்கி நின்று காற்றை மறித்துத் தமக்குள் சூட்டைச் சேர்த்து வைக்கின்றன. குதிகால் ஒரு ஓரத்தை நசுக்கினால் காற்று அந்த ஓரத்திலிருந்து மண்ணை அரிக்கத் தொடங்கும். அடுத்த பருவத்துக்குள் வேர் வெளியே தெரியும். கோடைக்காலமே சில வாரங்கள்தான் என்பதால் இழந்ததை ஈடுகட்ட அதற்கு நேரமில்லை.

இங்கே வழக்கமாக எழும் வாதம் ஒன்று உண்டு: எல்லாரும் ஒரே தடத்தில் போனால் அந்தத் தடம் பள்ளமாகிறது; பரவலாக நடந்தால் சேதமும் பரவி மெலிந்துவிடும் அல்லவா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டேவிட் கோல் போன்ற ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் செய்த மிதிபாட்டு ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பெரும்பாலான சேதம் முதலில் விழும் சில மிதிகளிலேயே நடந்துவிடுகிறது. அதன்பின் ஆட்கள் கூடக்கூட, சேதம் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஏற்கனவே தேய்ந்த தடத்தில் நூற்றியோராவது ஆள் செய்யும் கேடு அற்பம். தொடாத புல்லில் ஐந்தாவது ஆள் செய்வது அதிகம். பரவி நடக்கும் முறை பலிக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: ஆண்டு முழுவதும் வருபவர்கள் மிகச் சிலராக இருக்க வேண்டும், நிலம் தாங்கும் நிலமாக இருக்க வேண்டும். பேர் பெற்ற உச்சிகளில் இரண்டில் ஒன்றாவது இருக்காது.

நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் இதன் முழு வரலாறும் கிடைக்கிறது. அங்குள்ள அரசுக் காட்டை ‘என்றும் காடாகவே’ வைத்திருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சாசனமே 1895 முதல் சொல்கிறது. 4,000 அடிக்கு மேற்பட்டவை என்று பழைய அளவையில் பட்டியலிட்ட 46 உச்சிகளையும் பாப் மார்ஷல், அவர் தம்பி ஜார்ஜ், வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க் மூவரும் 1925க்குள் ஏறி முடித்தார்கள். பிற்கால அளவையில் நான்கு உச்சிகள் 4,000 அடியைத் தொடவில்லை என்று தெரிந்தும் பட்டியல் மாறவில்லை. மரபு என்றால் அப்படித்தான் போலும். அவற்றில் ஏறத்தாழ 20 உச்சிகள் ‘தடமற்றவை’ எனப் பெயர் பெற்றவை. தடமற்றவை என்பதாலேயே அவற்றின் மேல் ஆசை கூடியது. ஆளுக்கொரு பக்கமாகத் ஊசியிலை மரப் புதருக்குள் புகுந்து ஏறியதில் ஒவ்வொரு மலையிலும் பின்னிப் பிணைந்த பல ஒற்றையடிப்பாதைகள் உருவாகின. கடைசியில் தன்னார்வலர்களும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து மலைக்கு ஒரு பாதையை மட்டும் தேர்ந்து, அதில் விழுந்த மரங்களை அகற்றி, மற்றவற்றைக் கிளைகளால் மூடினார்கள். இன்று அந்த ‘தடமற்ற’ உச்சிகளில் ஏறுபவர் அந்த ஒற்றையடிப்பாதையைத்தான் பிடிக்க வேண்டும். சேறு கிடந்தால் சுற்றிப் போகாமல் சேற்றின் நடுவே நடக்க வேண்டும். சுற்றிப் போவதால்தான் பாதை அகன்றுகொண்டே போகிறது.

5,344 அடி உயரமுள்ள மார்சி போன்ற திறந்த உச்சிகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. மேலே உள்ள மெல்லிய கரிமண் மிதிபட்டு அரித்துப் பாறை தெரிந்தது. எட்வின் கெட்ச்லெட்ஜ் என்ற தாவரவியலாளர் புல்விதையும் உரமும் தூவி மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தொடங்கினார். பிறகு, 1980களின் இறுதியில், உச்சிக் காவலர் திட்டம் வந்தது. உச்சியில் ஒருவர் நின்றுகொண்டு, ‘பாறை மேல் கால் வையுங்கள், செடி மேல் வைக்காதீர்கள்’ என்று வருபவர்களிடம் பேசுவார். அபராதச் சீட்டு எழுதுவது அவர் வேலையல்ல. தடைப் பலகையைவிட இந்தப் பேச்சு நன்றாக வேலை செய்திருக்கிறது, செடிகள் திரும்பி வளர்ந்திருக்கின்றன.

இதற்கு எதிராக வரும் இன்னொரு வாதம் கனமானது. வில்டர்னஸ் என்பதே மனிதன் வகுத்த கோட்டுக்குள் அடங்காத இடம். அங்கேயும் ‘இந்த வழியாகப் போ’ என்றால் அது பூங்காவாகிவிடும், சொந்தமாக வழி கண்டு ஏறும் திறமையும் மறைந்துவிடும். இதை முழுவதும் மறுக்க முடியாது. வழி கண்டுபிடிப்பது உண்மையான கலை, அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கொலராடோவில் 14,000 அடியைத் தாண்டும் உச்சிகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றில் ஏறுபவர்களின் காலடியில் சரிவுகள் வாய்க்காலாக அரித்ததால்தான், 1994இல் தொடங்கிய ஓர் அமைப்பு வில்டர்னஸுக்குள்ளேயே கல் படிகள் அடுக்கித் தடம் போட்டு வருகிறது. சுதந்திரம் கேட்டு எல்லாரும் அதே மலைகளுக்குப் போனதன் விளைவு இது. பட்டியலில் இல்லாத ஆயிரம் மலைகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. வழி காணும் கலையை அங்கே பழகலாம்.

ஆகவே தடமற்ற ஏற்றத்துக்கு ஏற்ற நிலம் எது? சியரா நெவாடா மலைத்தொடரின் வெறும் கருங்கல் சரிவும் கற்குவியலும், உறைந்த பனி, ஓடையின் சரளைப் படுகை, காய்ந்த புல் ஆகியவை தாங்கும். பூச்செடித் தூந்திரம், சதுப்பு, பனி உருகிய ஈர மண், பாறை மேல் படர்ந்த பாசி ஆகியவை தாங்காது. குழு நான்கைந்து பேருக்கு மேல் போகக் கூடாது. புல்லில் நடக்க நேர்ந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் விலகி விலகி நடக்க வேண்டும். தடத்தில் நடப்பதற்கு நேர் எதிரான பழக்கம் இது. மரத்தில் ரிப்பன் கட்டுவது, கல் அடுக்கி அடையாளம் வைப்பது இரண்டும் கூடாது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வருவார், ஓரிரு ஆண்டில் அங்கே பாதை விழுந்துவிடும். நடந்த வழியின் ஜிபிஎஸ் பதிவை எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி பகிர்வதும் இதே வேலையைத்தான் செய்யும், அதுவும் வேகமாக.

புறப்படும் முன் குறிப்பிட்ட பகுதியின் விதிகளை அந்தந்த அலுவலகத்தில் படித்துவிட வேண்டும், பொது விதி போதாது. அடிரோண்டாக் உயர் சிகரப் பகுதியில் பகல் குழு 15 பேர், இரவு தங்கும் குழு 8 பேர்; பனி 8 அங்குலத்தைத் தாண்டினால் பனிச்செருப்போ ஸ்கீயோ கட்டாயம். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் மரங்கள் எட்டடிக்குக் குறையும் உயரத்துக்கு மேல், பனி மூடாத காலத்தில், கூடாரம் போட முடியாது. அதே மாநிலத்தில் கவனக்குறைவால் சிக்கிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கவும் சட்டம் உண்டு. தடம் விட்டவரைத் தேடுவது கடினம் என்பதால் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முதல் முறை ஏறுபவர் என்றால் பராமரித்த தடத்தையே தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்ற ‘தடமற்ற’ உச்சி என்றால் இருக்கும் ஒற்றையடிப்பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். வரைபடமும் திசைகாட்டியும் கைவந்த பிறகு, பெயர் தெரியாத மலையில், கல்லும் பனியுமான சரிவில் சொந்த வழி கண்டு ஏறுங்கள். சரிவில் பச்சை தெரிந்தால் வேறு பக்கம் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அன்று உச்சியை விட்டுவிட்டு இறங்குங்கள்.