கேட்கப்படும் குரல்

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

கிள்ளானில் வசிக்கும் மாணவி ஒருத்தி மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். கொமூட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் யுனிவர்சிட்டி. அங்கிருந்து பேருந்து அவளை வளாகத்திற்குள் கொண்டு சேர்க்கும். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் அவளது வாழ்க்கை அங்கேதான். விடுதிக் கட்டணம், உணவக விலை, நூலகம் திறந்திருக்கும் நேரம், பாடப் பதிவு முறை ஆகியவை அவளை நாள்தோறும் தொடுபவை. இவற்றை முடிவு செய்யும்போது அவளது கருத்தை எவரேனும் கேட்பார்களா?

இக்கேள்வி புதியதன்று. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே சங்கம் அமைத்துத் தங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விரிவுரையைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியருக்கு அபராதமும் விதித்தனர். 1918ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் மாணவர்கள் போராடியதன் பயனாக, பல்கலைக்கழக ஆட்சி மன்றங்களில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. அச்சீர்திருத்தம் இலத்தீன் அமெரிக்கா எங்கும் பரவியது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், 1962இல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாகியது. அக்காலத்து மாணவர் சங்கம் துடிப்புடன் இயங்கியது. வளாகத்தின் உரைமேடையில் மாணவர்கள் நாட்டு நடப்புகளை விவாதித்தனர். 1969ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது சங்கம் தனியே ஓர் அறிக்கையையும் வெளியிட்டது. பின்னர், 1971இல் பல்கலைக்கழகங்கள் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1975இல் அது திருத்தப்பட்டபோது மாணவர் நடவடிக்கைகள் மேலும் கட்டுப்படுத்தப்பட்டன. மாணவர் சங்கத்தின் இடத்தில் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. மாணவர் அமைப்புகள் சொந்தமாக நிதி திரட்டவோ வைத்திருக்கவோ இயலாமல் போயிற்று.

மாணவர்களின் வாழ்க்கைச் சூழலையும் கல்விச் சூழலையும் பற்றித் துணைவேந்தரிடம் எடுத்துரைப்பது மன்றத்தின் பணிகளுள் ஒன்று எனச் சட்டம் கூறுகிறது. இது மதிப்புமிக்க உரிமையே. ஆயினும், எடுத்துரைப்பது வேறு. முடிவெடுக்கும் மேசையில் அமர்வது வேறு.

காலப்போக்கில் சட்டம் நெகிழ்ந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வளாகத்திற்கு வெளியே மாணவர்கள் அரசியல் கட்சியில் சேர வழிவிட்டது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம், வளாகத்திற்குள்ளும் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், மாணவர் அமைப்புகள் நிதியைத் திரட்டி நிருவகிக்கும் கதவைத் திறந்தது. இதற்கிடையே, 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்க மக்களவை ஒப்புதல் அளித்தது. அது 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவர், தாம் பயிலும் நிலையத்தைப் பற்றிக் கருத்துரைக்கத் தகுதியற்றவர் ஆவாரா?

இதற்கு மறுப்பும் உண்டு. மாணவர்கள் சில ஆண்டுகளே தங்குபவர்கள், அனுபவம் குறைந்தவர்கள், பல்கலைக்கழகமோ நெடுங்காலம் நிலைப்பது என்பர் சிலர். இக்கருத்தைப் புறந்தள்ள முடியாது. எனவேதான் குரல் கொடுப்போர் ஆயத்தத்தோடு வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நூலகம் மூடுவதற்கு முன்பே விடுதிக்குச் செல்லும் கடைசிப் பேருந்து புறப்பட்டுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். "பேருந்துச் சேவை சரியில்லை" என்று முணுமுணுப்பது எளிது. ஒரு வாரம் நின்று, எத்தனை பேர் இருட்டில் நடந்து செல்கின்றனர் என எண்ணி, நேரத்தை மாற்றினால் ஆகும் செலவையும் விசாரித்து, தீர்வுடன் கூட்டத்திற்குச் செல்வது கடினம். முதலாவது மனக்குறை; இரண்டாவது நிருவாகத்தில் பங்கேற்பு. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது உண்மைதான். எனினும், வளர்ந்த பிள்ளை அழுதால் மட்டும் போதாது.

நிருவாகத்திற்கும் கடமை உண்டு. கருத்தைக் கேட்டபின் என்ன முடிவு செய்தோம், ஏன் செய்தோம் என்று விளக்க வேண்டும். பதில் வராத இடத்தில் அடுத்த முறை எவரும் பேச முன்வர மாட்டார். வளாகத் தேர்தலில் வாக்களிக்கும் ஆர்வமும் குன்றிவிடும்.

இத்திறன் பல்கலைக்கழகத்தில் திடீரென முளைப்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிறுகதைப் போட்டி நடத்தி, 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுப்பையும் வெளியிட்டு வந்துள்ளனர். கடிதம் எழுதுதல், நிதி தேடுதல், கணக்குக் காட்டுதல் போன்ற வேலைகள் இல்லாமல் எந்தப் போட்டியும் நடவாது. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகமும் அத்தகைய பயிற்சிக் களமே. அடுத்த கூட்டத்தில் கூட்டக் குறிப்பை எழுத எவரேனும் முன்வர வேண்டும் என்று ஆசிரியர் கேட்கும்போது, தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். கையை உயர்த்துங்கள்.

கருத்துணர் கேள்விகள்

1. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாணவர் அமைப்புகள் இழந்தவை யாவை?
2. 'எடுத்துரைப்பது வேறு, முடிவெடுக்கும் மேசையில் அமர்வது வேறு' என்பதன் கருத்தை விளக்குக.
3. உங்கள் பள்ளியில் மாற்ற விரும்பும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான சான்றுகளுடனும் தீர்வுடனும் பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுதுக.