ஃபைன் கட்டினால் முடிந்துவிடாது

ஆடி பிறந்தால் சிவகாசியில் லாரி செட்டுகள் பரபரப்பாகிவிடும். தீபாவளிச் சரக்கு வடமாநிலங்களுக்கு ஏறத் தொடங்கும். கூடவே எங்களைப் போன்ற வக்கீல் குமாஸ்தாக்களிடம் டிரைவர்களும் வரத் தொடங்குவார்கள். அவர்களில் லைசென்ஸ் சஸ்பெண்டில் இருக்கும்போது வண்டி ஓட்டி மாட்டியவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சம்மனை நீட்டிவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணே, ஃபைனக் கட்டி முடிச்சிரலாம்ல?"

கட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஆம் பிரிவில் இதற்குத் தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பருக்கு முன்பு இதே குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய்க்கு மேல் போகாது. தமிழ்நாட்டில் கூடுதல் அபராதம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய டிரைவர்கள் பலர் இன்னும் ஐந்நூறு ரூபாய்க் கணக்கிலேயே வந்து நிற்கிறார்கள். லைசென்ஸே எடுக்காதவனுக்கு 181ஆம் பிரிவில் 5,000 ரூபாய்தான். ஓட்டாதே என்று சொன்ன பிறகும் ஓட்டியவனுக்கு அதில் இரண்டு மடங்கு. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் பார்த்தவரை முதல் தடவை, விபத்து இல்லை, குடிக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெரும்பாலும் அபராதத்தோடு போகும். தொகையைச் சட்டமே நிர்ணயித்து வைத்திருப்பதால், பிள்ளைகளைச் சொல்லிக் குறைக்கக் கேட்பதில் பெரிய பலன் கிடையாது. இரண்டாவது தடவை என்றாலோ விபத்துக் கேஸும் சேர்ந்துவிட்டாலோ நீதிபதியின் முகமே மாறிவிடும். வாய்தாவுக்கு வராமல் லோடு ஏற்றிக்கொண்டு ஒடிசா போனவர்களுக்குப் பிடிவாரண்ட் வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கோர்ட்டுக்கு வருவதற்குள் கேஸில் பாதி முடிந்துவிடுகிறது. காப்பாற்ற வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. நோட்டீஸ்.

இந்தப் பகுதியில் லைசென்ஸ் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து லோடு ஆட்டோவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவது. சாத்தூர் நாற்கரச் சாலையில் வேகம். செல்போன் பேசிக்கொண்டே ஸ்டியரிங் பிடிப்பது. அளவுக்கு மீறிய பாரம். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, 2015 ஆகஸ்டில் இந்தக் குற்றங்களுக்கும் குடித்து ஓட்டுவதற்கும் சிக்னல் தாண்டுவதற்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கெடுபிடி அப்போதிருந்துதான்.

போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி வைக்கலாம், சஸ்பெண்ட் செய்ய முடியாது. அது ஆர்.டி.ஓ.வின் அதிகாரம். வாங்கும்போது ஒரு ரசீது தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு வண்டி எடுக்கலாமா என்பதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். 206ஆம் பிரிவில் இரண்டு வகை உண்டு. சாதாரணமாகப் பறிமுதல் செய்தால் அந்த ரசீதே குறிப்பிட்ட தேதி வரை ஓட்ட அனுமதி. வேகம், ஆபத்தான ஓட்டம், குடி, ஏன், ஹெல்மெட் போடாதது போன்ற குற்றங்களுக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவதற்கென்று வாங்கியிருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை ரசீது ஓட்ட அனுமதி தராது. பார்வைக்கு இரண்டும் ஒரே துண்டுச் சீட்டுதான். எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பிறகு ஆர்.டி.ஓ. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி என்று எந்த அலுவலகத்து லைசென்ஸ் ஆனாலும் நோட்டீஸ் போவது லைசென்ஸில் உள்ள முகவரிக்கு. நம் ஆட்கள் லைசென்ஸ் எடுத்தது சொந்த ஊரில், குடியிருப்பது திருத்தங்கலில் வாடகை வீட்டில். தபால் திரும்பிப் போகும். விளக்கம் வரவில்லை என்று எழுதி உத்தரவு வந்துவிடும். பரிவாஹன் தளத்தில் முகவரியையும் மொபைல் எண்ணையும் மாற்றி வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

நோட்டீஸ் கைக்கு வந்தால் நேரில் போங்கள், எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். போலீஸ் அனுப்பிய கேஸில் முதல் தடவையானால் மூன்று மாதம், அடுத்த தடவை ரத்து என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. காரணங்களை விரிவாக எழுதித்தான் உத்தரவு போட வேண்டும் என்றும், விளக்கம் சரியாக இருந்தால் விட்டுவிடலாம் என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது. "மன்னிச்சிருங்க சார்" என்று மட்டும் எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். வேகம் என்றால் எந்த இடம், என்ன அளவு, வண்டியில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருந்ததா என்று எழுதுங்கள். உத்தரவு வந்துவிட்டால் அது கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. எந்த அதிகாரியிடம் என்று உத்தரவிலேயே பாருங்கள். மேல்முறையீடு போட்டுவிட்டோம் என்று மட்டும் சாவியை எடுக்காதீர்கள். தடை உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தை எண்ணுவதிலும் தகராறு வரும். போலீஸ் லைசென்ஸை வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, முடிந்துவிட்டது என்று வண்டி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கு உத்தரவில் உள்ள தேதிதான். இன்னொன்று: "லாரிக்குத்தானே, டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டினா என்ன?" எல்லா வகை வண்டிக்கும் தடை போட ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவில் அப்படி இருந்தால் டீக்கடைக்கு எக்ஸெல்லில் போவதும் 182தான்.

லாரி முதலாளிகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாசு ஏற்றிய வண்டியை இடையில் நிறுத்திவிட்டால், அபாயச் சரக்கு ஓட்டப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிந்த இன்னொரு டிரைவரைத் தேடி அனுப்ப வேண்டும். சீசனில் அப்படி ஆள் கிடைப்பது லேசில்லை. லைசென்ஸ் செல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு 180ஆம் பிரிவில் முதலாளி மேலும் தனிக் கேஸ் வரும்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

அதைவிடப் பெரிய அடி விபத்து இழப்பீட்டில் விழும். தடைக்காலத்தில் ஓட்டியவர் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எதிர்வாதம். இறந்தவர் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும். லட்சக்கணக்கில் பணம் கேட்டு அப்படி வந்த கடிதங்களை நான் கோப்பில் அடுக்கியிருக்கிறேன். 182இல் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிய ரசீது அந்த வழக்கில் கம்பெனிக்குத் தயார் சாட்சி. விபத்தும் நடந்திருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் கட்டாயம் வக்கீலிடம் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. அவர் தரப்பில் அலட்சியம் இருந்தது என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அண்ணாச்சிமார் செய்ய வேண்டியது சின்ன வேலை: ஒவ்வொரு லோடுக்கும் டிரைவரின் லைசென்ஸ் எண்ணைப் பரிவாஹனில் போட்டு, நிலையைத் தேதியோடு படமெடுத்து டிரிப் ஷீட்டோடு வைத்துவிடுவது. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த ஜெராக்ஸ், நேற்று சஸ்பெண்ட் ஆனதைக் காட்டாது.

தடைக்காலம் முடிந்த அன்றே லைசென்ஸ் தானாகக் கைக்கு வராது. புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். கடைசி வாரத்தில் அலையாமல், முதல் மாதத்திலேயே எந்தப் பயிற்சி மையம் என்று அலுவலகத்தில் கேட்டு முடித்து, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.