கொட்டில் ஒழுக்கு: தாரா, பூச்சா, தகரமா?

மாரி தொடங்கி மூன்றாம் நாள்தான் பின்வளவுக் கொட்டிலின் ஒழுக்கு எல்லாருக்கும் நினைவுக்கு வரும். உள்ளே வலையை வைத்திருந்தாலும் சரி, படகு என்ஜினை வைத்திருந்தாலும் சரி, சரியாக அதன் மேல்தான் சொட்டும். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நேரத்தில் ஹாட்வெயார் கடையில் போய் நின்று "ஒழுக்குக்கு ஏதும் தாங்கோ" என்றால், கைக்கு எட்டிய வாளியைத் தூக்கித் தருவார்கள். கடைக்காரரில் பிழையில்லை. கேட்ட கேள்வி அப்படி.

எங்கள் கொட்டில் திருக்கடலூர்ப் பக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேலே நாலு அங்குல சிலாப். தார் டின்னோடு ஏணியில் பாதி ஏறிவிட்டேன். பக்கத்து வளவில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் அண்ணை கூப்பிட்டார்: "தம்பி, இறங்கும். மேல ஏற முன்னம் உள்ளுக்க ஒருக்காத் தட்டிப் பார்ப்பம்."

சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பிடியால் சிலாப்பின் அடியை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கிண், கிண், கிண். நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டியது போல ஒரு டொக். அந்த இடத்தில் உளியை வைத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பிரிந்து விழுந்தது. உள்ளே கம்பி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. மேலே நான் எத்தனை டின் தார் ஊற்றியிருந்தாலும் அந்தக் கம்பிக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

அதனால் எந்த மருந்து என்பதை மேல்தளம் சொல்லாது, கீழ்ப்பக்கம்தான் சொல்லும். இரும்பு துருப்பிடித்தால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த ஊதல்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து உடைக்கிறது. மழைநீர் தனியே இதைச் செய்ய நாளாகும். உப்புக் காற்று சேர்ந்தால் வேகம். சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் இத்தனை காலம் நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். அவை தடித்த உருக்குத் தகடுகள், வெளியே நிற்பவை, துரு உதிர்ந்து போக இடமுண்டு. பத்து மில்லிமீற்றர் கம்பிக்கு அந்த வசதி இல்லை. மலைகள் சூழ்ந்த உட்துறைமுகக் கரையைவிட, திறந்த கடலைப் பார்த்திருக்கும் டச்சுக்குடா, திருக்கடலூர் வளவுகளில் இது இன்னும் கடுமை.

தட்டும்போது எல்லா இடமும் கிண் என்று கேட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மேலே பூசுவதோடு வேலை முடியும். சில இடம் டொக் என்றால் முதலில் அந்த இடங்களைக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை திறந்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பொலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். பாதிக்கு மேல் டொக் என்றாலோ கம்பி மெலிந்து போயிருந்தாலோ பூச்சுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொட்டில்தானே என்று விடக்கூடாது, அதற்குள் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள்.

எங்கள் ஊரில் அதிகம் பேர் செய்வது, மேலே இன்னொரு தடவை சீமெந்துச் சாந்து போடுவது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எங்கள் அளவுக் கூரையில் இரண்டு அங்குலச் சாந்து ஒரு டன்னுக்கு மேல் பாரம். அடியில் கம்பி நொந்திருக்கிற சிலாப்பின் தலையில் அதை ஏற்றுகிறோம். அதுவும் மே மாத வெயிலில் வெடிக்கும், அடுத்த மாரிக்கு மறுபடி ஒழுகும். சாந்து போடத்தான் வேண்டுமென்றால் வாட்டம் எடுப்பதற்கு மட்டும் போடுங்கள்: எண்பதுக்கு ஒன்று, அதாவது எட்டு அடிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு, பீலிப் பக்கமாக. வாட்டம் இல்லாத கூரையில் எந்தப் பூச்சும் நிற்காது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், பி.எச்.ஐ. வந்தால் ஒழுக்கை விட அது பெரிய தலையிடி.

இனிப் பூச்சுகள். தூளும் பால் போன்ற திரவமும் தனித்தனியாக வரும் சீமெந்துப் பூச்சு ஒன்று உண்டு. இரண்டையும் கட்டியில்லாமல் கலக்கி, முதல் தடவை நீளப்பாட்டிலும், காய்ந்தபின் குறுக்குப்பாட்டிலும் அடிப்பது. இதற்குத் தளம் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. மழைக்கு இடையில் இரண்டு வெயில் நாள் கிடைத்தாலும் செய்யலாம் என்பதால் ஒக்டோபரில் விழித்துக்கொள்பவருக்கு இதுதான் பொருந்தும். வெடிப்பு வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்குகிற ரகமாக இருந்தால் இந்தப் பூச்சு அந்தக் கோட்டிலேயே திரும்பப் பிளக்கும். அங்கே வலைத்துணி பதித்து அடிக்க வேண்டும். சுவரும் தளமும் சந்திக்கிற மூலையிலும் அப்படித்தான்.

றப்பர் போல இழுபடும் அக்ரிலிக் பெயின்ற் வெடிப்போடு சேர்ந்து அசையும். வெள்ளை நிறத்தில் அடித்தால் கொட்டிலுக்குள் சூடும் குறையும், வைகாசி ஆனியில் உள்ளே நின்று வேலை செய்பவருக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் தளம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் கூரையில் ஊதி உரிந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் செய்யுங்கள், அதுவும் காலையிலோ பின்னேரத்திலோ. நடுப்பகலில் தளம் கொதிக்கும், பூச்சு தூரிகையிலேயே இறுகும்.

வாளித் தார் மலிவு. வெயிலில் வறண்டு முதலை முதுகாக வெடிக்கும் என்பதால் மேலே மூடாமல் விட்டால் பயனில்லை. நெருப்பால் சூடாக்கி ஒட்டும் தார் விரிப்பு உண்மையிலேயே நல்ல வேலை. ஓரங்களை நாலு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு ஒட்டினால் தேங்கும் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கும். கை பழகின ஆள் வேண்டும். உள்ளே பெற்றோல் கான் வைத்திருக்கிற மீனவர் வீட்டுக் கொட்டில் மேல் காஸ் டோர்ச் பிடிப்பதற்கு முன் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரவேண்டும். ஓட்டைக் கானை மூலையில் மறந்துவிட்டு மேலே நெருப்பு மூட்டின கதைகள் எனக்குத் தெரியும்.

கடைசி வழி, சிலாப்பை அப்படியே விட்டு மேலே சட்டம் அடித்துத் தகரம் போடுவது. சிலாப் ஓரளவு நொந்திருந்தாலும் வெயிலும் மழையும் படாமல் காக்கும். கடையில் அமானோ சீற் என்று கேட்டால் எடுத்துத் தருவது நாகமும் அலுமினியமும் பூசின தகரம், சாதாரண நாகத் தகரத்தைவிட உப்புக்குத் தாங்கும். முதலில் போவது ஸ்குறூதான். அதில் காசு பார்க்காதீர்கள். சட்டத்தைச் சிலாப்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு குச்சவெளிப் பக்கம் புரெவிப் புயல் கரையேறியது. கல்லு வைத்து அமர்த்திய தகரம் அப்படியான ஒரு இரவில் யார் தலையில் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம், நனைத்துவிட்டுத் தொடுங்கள். அந்தத் தூசி சுவாசப்பைக்குள் போனால் திரும்பி வராது.

மாரி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தறப்பாளைப் போட்டுக் கட்டிவிட்டுத் தை மாதம் வரை பொறுப்பது நல்லது.

எங்கள் கொட்டிலில் டொக் என்ற இடம் மூன்று. கொத்தி, அடைத்து, பீலிப் பக்கம் வாட்டம் எடுத்து, சீமெந்துப் பூச்சு இரண்டு தடவை அடித்தோம். ஒரு கிழமை கழித்துப் பீலி வாயைச் சாக்கால் அடைத்து, நடுத்தளத்தில் ஓர் அங்குலம் நிற்கும்வரை பத்து லீற்றர் வாளியால் ஊற்றினேன். இருபத்தெட்டு வாளி, ஏணியில் ஏறி இறங்கியே. அடுத்த நாள் பின்னேரம் மேசன் அண்ணை உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். பீலிக் குழாய் சுவரைத் துளைக்கிற இடத்தில் மட்டும் ஐந்து சதக் குத்தி அளவு ஈரம். "குழாயச் சுத்தி விட்டிட்டம்," என்று சொல்லிக்கொண்டே உளியை எடுத்தார்.