கனவும் உடல் நலமும்

கனவுக்குப் பலன் பார்ப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். பாம்பு கடித்ததாகக் கனவு கண்டால் சனி விலகிற்று என்று மகிழ்வோர் உண்டு. பல் விழக் கண்டால் குடும்பத்தில் யாருக்கோ ஆபத்து என்று அஞ்சுவோரும் உண்டு. இந்த நம்பிக்கைகளோடு வழக்காட நாம் முற்படவில்லை. ஆனால் கனவு காணும் வேளையில் உடலுக்குள் நடப்பது என்ன என்பதை விஞ்ஞானம் பெருமளவு கண்டறிந்துள்ளது. அதை அறியாத காரணத்தால், டாக்டரிடம் செல்ல வேண்டிய சிலர் பேயோட்டுவோரிடம் அழைத்துச் செல்லப்படுகின்றனர். இதுவே நம் கவலை.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். உறங்குவோரின் கண்ணருகே மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி, விழிகளின் அசைவை இரவெல்லாம் காகிதத்தில் பதிவு செய்தார்கள். மூடிய இமைகளுக்குள் விழிகள் சில வேளைகளில் விரைவாக அங்குமிங்கும் ஓடின. அவ்வேளையில் 27 முறை எழுப்பிக் கேட்டதில், 20 முறை கனவு விவரமாகக் கூறப்பட்டது. விழிகள் ஓய்ந்திருந்த வேளையில் 23 முறை எழுப்பியதில், 19 முறை ஒன்றுமே நினைவில் இல்லை.

இவ்வகைக் கனவுறக்கம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வந்து போகிறது. முன்னிரவில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியற்காலம் நெருங்க நெருங்க நீளும். ஆதலால் நீர் பாய்ச்சவோ, சந்தைக்கு வண்டி கட்டவோ மூன்று மணிக்கே எழுபவர் இழப்பது பெரும்பாலும் கனவுறக்கத்தைத்தான். நினைவாற்றலுக்கும் மன அமைதிக்கும் அவ்வுறக்கம் துணை செய்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். மதுவோ அதை முன்னிரவில் அமுக்கி வைக்கிறது. பின்னிரவில் அது கொடுங்கனவாகப் பீறிட்டு வரும். குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பார் கூற்றில் பாதிதான் உண்மை.

கனவில் நாம் ஓடுகிறோம், சண்டையிடுகிறோம். உடல் ஏன் பாயிலேயே கிடக்கிறது? மூளையின் அடித்தண்டு, கை கால்களுக்குச் செல்லும் கட்டளைகளை அவ்வேளையில் மடை அடைத்தாற்போல் நிறுத்தி விடுகிறது. மூச்சுக்கும் விழியசைவுக்கும் வேண்டிய தசைகள் மட்டும் தடையின்றி இயங்கும். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிஷேல் ழூவே என்பவர் பூனைகளின் மூளையில் இந்த மடையை நீக்கிப் பார்த்தார். அப்பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின்மேல் பாய்ந்தன.

மடை திறக்கத் தாமதித்தால் என்ன ஆகும்? மனம் விழித்து விடும், உடல் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்திருப்பது போலத் தோன்றும், கத்த முயன்றாலும் குரல் எழாது. இதைத்தான் நம்மவர் அமுக்குவான் பேய் என்கின்றனர். சில நிமிடங்களுக்குள் அது தானே அகன்று விடும்; உயிருக்கு அபாயமில்லை. தூக்கம் கெட்டவர்க்கும், மல்லாந்து படுப்பவர்க்கும் மிகுதியாக வரும். ஒழுங்கான நேரத்தில் உறங்குவதும் ஒருக்களித்துப் படுப்பதும் நல்ல பயன் தரும். தாயத்துக்குச் செலவிட வேண்டியதில்லை. அடிக்கடி வந்தாலோ, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ டாக்டரைப் பார்ப்பது நலம்.

மடை அடைபடாமற் போவதுதான் கவனிக்க வேண்டிய நோய். 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஷெங்க், மகோவால்ட் என்ற டாக்டர்கள் இதை விவரித்தனர். நோயுற்றோர் கனவில் காண்பதைப் படுக்கையில் நடித்து விடுகின்றனர்: குத்துகின்றனர், உதைக்கின்றனர், அருகில் உறங்கும் மனைவியைக் காயப்படுத்துகின்றனர். விழித்ததும், திருடனை விரட்டியதாகச் சொல்வர். பகலில் சாதுவானவர் இரவில் இப்படி நடப்பதால், பேய் பிடித்தது என்று வீட்டார் நம்புவதில் வியப்பில்லை. பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கே இது வருகிறது. அந்த டாக்டர்கள் கவனித்து வந்த இத்தகைய ஆண்கள் 29 பேரில் 11 பேருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோய் பின்னர் தோன்றியதாக 1996இல் எழுதினர். 2013இல் வந்த தொடர் அறிக்கையில், மீண்டும் விவரம் கிட்டிய 26 பேரில் 21 பேர் பார்க்கின்சன் நோய்க்கோ, நினைவு மங்கும் நோய்க்கோ ஆளாகியிருந்தனர். கைநடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே உறக்கம் எச்சரிக்கை தருகிறது என்பது சாதாரணச் செய்தியன்று.

தூக்கத்தில் எப்போதேனும் ஒரு முறை உளறுவதை இந்நோயென்று எண்ணிக் கலங்க வேண்டாம். சிறு பிள்ளைகள் எழுந்து நடப்பதும் வேறு. அது முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்வது, வளர வளரப் பெரும்பாலும் நின்று விடும்.

இந்நோய் உள்ளவர் காவற் பரணிலோ, கிணற்று மேட்டிலோ, கைப்பிடிச் சுவரற்ற மாடியிலோ படுக்கலாகாது. தரையில் பாய் விரித்துப் படுக்கட்டும்; அரிவாள், தடி முதலியவற்றை அவ்வறையினின்று அகற்றி விடுக; மனைவி சிறிது காலம் தனியே உறங்குவதில் தவறில்லை. இதைக் கட்டுப்படுத்த மருந்துகள் உள்ளன. மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளாலும் இது வருவதுண்டு. ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. உண்ணும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், அங்கிருந்து நரம்பியல் டாக்டரிடம் அனுப்புவார்கள். நோயாளிக்கு இரவில் நடந்தது தெரியாதாகையால், கண்டவர் ஒருவர் உடன் செல்வது அவசியம். எத்தனை நாட்களாக, இரவின் எந்தப் பகுதியில், எப்படி நடக்கிறது என்பதை அவரே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.