கொத்துக்கறியைக் கழுவாதீர்கள்

கொத்துக்கறியை அலசிப் பிழிகிறவர்கள் வீட்டுப் பக்கம் இத்தாலியக் கறிச் சாஸ் வேண்டவே வேண்டாம். யாரை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பது நான் மைனி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்குத் தெரியும்.

பொலோஞ்ஞா நகரத்து ராகுவைத்தான் சொல்கிறேன். அதன் செய்முறையை 1982 அக்டோபர் 17 அன்று அந்த ஊர் வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த 1982 பதிவின்படி மாட்டிறைச்சி 300 கிராம், பன்றி வயிற்றின் கொழுப்புக் கறி 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி, கொஞ்சம் தக்காளி, வைன், பால். பூண்டு கிடையாது. கரம் மசாலாவும் கிடையாது, மைனி.

கணவரின் அலுவலக நண்பர்கள் சாப்பிட வந்த அன்று, ராகுவுக்காகப் பாளையம் சந்தையில் வாங்கிய கொத்துக்கறியைச் சமையலறையில் வைத்துவிட்டு மில்மா பால் வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பினால் கறி மஞ்சள் தண்ணீரில் மிதக்கிறது. “கழுவாம எவளாவது கறிய அடுப்புல வைப்பாளா?” என்றார் மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மைனி.

துண்டுக்கறியென்றால் கழுவித் துடைத்துவிடலாம். கொத்திய கறி பஞ்சு போல நீரைக் குடித்துவிடும். சட்டியில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுபட 140 டிகிரியாவது வேண்டும். அன்று அது வறுபடவேயில்லை, வெளிறி அவிந்தது. அந்தச் சிவப்பில்தான் ராகுவின் ருசி முழுவதும் இருக்கிறது. அது போனபின் எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் வராது. “குக்கர்ல நாலு விசில் விடு” என்று அடுத்த யோசனையும் வந்தது. குக்கர் நீரை உள்ளேயே பூட்டி வைக்கும் பாத்திரம். நமக்கு வேண்டியது நீர் வற்றுவது. வந்தவர்கள் “கீமா மசாலா பிரமாதம்” என்றார்கள். சிரித்துக்கொண்டே பரிமாறினேன்.

கிருமிப் பயமா? கழுவுவதைவிட மூன்று மணி நேரக் கொதிப்பே அதற்கு நல்ல மருந்து. கழுவினால் சிங்க் முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம்.

மற்றதெல்லாம் சுலபம். கொழுப்பை உருக்கி, காய்களைப் பொடியாக நறுக்கி வதக்குங்கள். கறியைப் போட்டு, சட்டியில் சடசடவென்று சத்தம் வரும்வரை கிளறாமல் விடுங்கள். அப்புறம் வைன். பெவ்கோ மதுக்கடையில் இனிப்பில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை வைன் மிச்சம் இருக்கிறதே என்று யாராவது ஜாடியோடு வருவார்கள். அதை ஊற்றினால் கறி தித்திக்கும். வைன் வற்றியதும் தக்காளி. நாட்டுத் தக்காளியின் புளிப்பைப் பால் அடக்கும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

நம் கேஸ் அடுப்பின் சிம் இதற்கு அதிகம். பாத்திரத்துக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வையுங்கள். மேலே எப்போதாவது ஒரு குமிழி வெடித்தால் போதும். அடி பிடிப்பது போலத் தெரிந்தால் வெந்நீர் ஒரு கரண்டி. தொக்கு போல எண்ணெய் ஒதுங்கியதும் இறக்குங்கள்.

பொலோஞ்ஞாக்காரர்கள் இதை ஸ்பாகெட்டியோடு சாப்பிடுவதில்லை. தாலியாதெல்லே என்ற தட்டையான பாஸ்தாதான் அவர்கள் வழக்கம். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மறுநாள் பரோட்டாவோடு இன்னும் நன்றாகவே இருக்கும்.

ஒன்றே ஒன்று: கறியை வாங்கி வந்ததிலிருந்து சட்டியில் போடும்வரை சமையலறையை விட்டு நகராதீர்கள். பால் வாங்க வேறு யாரையாவது அனுப்புங்கள். நாத்தனாரையே அனுப்பினால் இன்னும் உத்தமம்.